மலை ரயிலில் தொலைந்த தகரப் பெட்டி: கொலை இல்லாத ஒரு துப்பறியும் குறுநாவலுக்கு யோசனை வேண்டும்

திருநகர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடங்களாகத் துப்பறியும் கதைகளை வாசித்துக்கொண்டே இருந்தவள், இந்தத் தை மாதம் முதன்முறையாக ஒன்றை எழுத உட்கார்ந்தேன். எண்பது பக்கக் குறுநாவல். முதல் வரைவு முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டும் இருக்கிறேன்.

கதை இது. கயல், அரவிந்த் இருவருக்கும் கல்யாணமாகி ஒன்பது நாள். வீட்டார் பார்த்து முடித்த கல்யாணம். ஒருவரையொருவர் இன்னும் சரியாகத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி ஊட்டிக்குத் தேனிலவு போகிறார்கள். எதிர் இருக்கையில் சிவகாமி, நடராசன் என்று ஒரு வயதான தம்பதி. நாற்பது வருடங்களுக்கு முன் தேனிலவுக்கு வந்த அதே விடுதிக்கு மறுபடியும் போகிறார்கள். சிவகாமியின் பையில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு நடராசன் அவருக்கு எழுதிய இருபத்து மூன்று கடிதங்கள் அதற்குள் இருக்கின்றன. மகனும் மகளும் மறுநாள் விடுதிக்கு வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அவற்றைப் படித்துக்காட்டப் போவதாகச் சொல்கிறார். குன்னூர் நிலையத்தில் பார்த்தால் பெட்டியைக் காணவில்லை. புதுமணத் தம்பதி தேடத் தொடங்குகிறார்கள்.

எடுத்தவர் நடராசன்தான். அந்தக் கடிதங்களை அவர் எழுதவில்லை. எழுதிக் கொடுத்தது அலுவலக நண்பர் ஒருவர். நாற்பது வருடங்களாகக் கட்டிக்காத்த ரகசியம் பிள்ளைகள் முன்னால் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் மனிதர் பெட்டியை ஒளித்துவிடுகிறார். இதில் கொலை கிடையாது, ரத்தம் கிடையாது. என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் இரவில் பயப்படாமல் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே தூங்கப் போகிற மாதிரி ஒரு கதையாக இது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் கணவரிடம் வரைவைக் கொடுத்தேன். பதினான்காம் பக்கத்திலேயே, "அந்தப் பெரியவர்தான் எடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கே காட்டிக்கொடுத்தேன் என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மூன்று தடயங்கள் வைத்திருக்கிறேன். எஞ்சினுக்கு அடுத்த முன்பெட்டியில் வந்த ஓர் இளைஞனின் வெள்ளைச் சட்டையில் கரி படிந்திருக்கிறது. அவன் மேல் சந்தேகம் விழ வேண்டும். குகைக்குள் இருட்டானபோது நடராசன் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ரயில் பெட்டிக்கு நடந்து போய் ஒளித்துவிட்டு வருகிறார். அந்த இளைஞனும் இவர்களுடைய விடுதியிலேயே தங்குகிறான். மைசூரிலிருந்து முந்தைய இரவு பதினொரு மணிக்குக் கிளம்பி, பந்திப்பூர் காடு வழியாகக் காரில் ஊட்டிக்கு வந்து, விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி ரயில் ஏறியதாகச் சொல்கிறான். பின்னணியில் மலைச்சரிவெங்கும் நீலக்குறிஞ்சி பூத்திருக்கிறது. கதை நடப்பது 2024 நவம்பரில்.

நாங்கள் 1994இல் அந்த ரயிலில் போனோம். ஹில்குரோவ் நிலையத்தில் என் கையிலிருந்த வடையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதும், அதுவரை என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசியிராத என் கணவர் தன் வடையை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டியதும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. மற்ற விவரங்கள் மங்கிவிட்டன. அந்தப் பாதையை அறிந்தவர்களும் இத்தகைய கதைகளை நிறைய வாசித்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். கொலையே இல்லாமல் வாசகரை எண்பது பக்கம் உட்கார வைக்க முடியுமா?

---

மேட்டுப்பாளையம் கார்டு எழுதியது:

சகோதரி, வணக்கம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவன். அந்த மலைப்பாதையில் பல வருடங்கள் கொடி பிடித்திருக்கிறேன். உங்கள் கதையைப் படித்ததும் ரயிலுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் குறைகளையும் உரிமையோடு சொல்கிறேன்.

முதல் குறை பெரியது. மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது. கடைசியில் நின்று மொத்த வண்டியையும் தள்ளிக்கொண்டு போகும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி. எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்தால்தான் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாமல் அதன் மேல் சாய்ந்து நிற்கும். ஆகவே எஞ்சினுக்கு அடுத்தது முன்பெட்டி ஆகாது, கடைசிப் பெட்டிதான். முன்பெட்டியில் உட்காருகிறவருக்கு எதிரே எஞ்சினே இல்லாமல் மலை மட்டும் தெரியும்.

எஞ்சின் பின்னால் இருப்பதால் டிரைவருக்குப் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்புறமும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அது பெட்டி பெட்டியாகப் பின்னால் டிரைவர் வரை போகும். கதையில் இந்த மனிதர்கள் யாருமே இல்லை. ரயிலில் நடப்பதையெல்லாம் பார்க்கிற ஆள் ஒருவர் ஒவ்வொரு பெட்டியிலும் நின்றுகொண்டிருக்கிறார்; துப்பறிகிறவர்கள் அவரைக் கேட்காமல் விட்டால் மேட்டுப்பாளையத்துக்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அடுத்தது கரி. வண்டி ஆட்டோ வேகத்துக்கும் குறைவாகத்தான் ஏறும். புகை காற்றடிக்கிற பக்கம் போகும். 208 வளைவுகளில் திரும்பித் திரும்பி எந்தப் பெட்டிக்குள்ளும் வரும். சட்டைக் கரியை வைத்து எந்தப் பெட்டியில் வந்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவதைக் கேட்டால் வருத்தப்படாதீர்கள், இது உங்களுக்கு ஆதாயம். ஓடும் வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போக வழியே கிடையாது. உள்ளே நடைபாதை இல்லை, கதவுகள் பக்கவாட்டில்தான். குகையில் இருட்டுவது உண்மை. பாதை முழுவதும் 16 குகைகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஆனால் அந்த இருட்டில் எடுத்த பொருள் அதே பெட்டிக்குள்தான் இருந்தாக வேண்டும். எடுத்தவரும் அங்கேதான். பூட்டிய அறைக்குள் மர்மம் என்று எழுதுகிறார்களே, அந்த அறையை ஆண்டவன் உங்களுக்குச் சக்கரம் வைத்தே கொடுத்திருக்கிறார். பொருள் வெளியே போக ஒரே வாய்ப்பு, வண்டி நிற்கிற இடம். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். எல்லோரும் இறங்கி டீ குடிப்பார்கள், படம் எடுப்பார்கள். வடை பிடுங்கும் குரங்கும் அங்கேதான். குரங்கின் மேல் கொஞ்ச நேரம் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

நவம்பரை மாற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரியும், பாறை விழும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். ஜனவரி கடைசி நல்ல மாதம். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர ஏறக்குறைய நண்பகல். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். புதுமணத் தம்பதி பேசிப் பழக இதைவிட நல்ல வண்டி எங்கே கிடைக்கும்?

---

பழைய நூலகன் எழுதியது:

உங்கள் கணவர் ஏன் பதினான்காம் பக்கத்தில் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். கதைச்சுருக்கத்தில் "மனிதர் பயத்தில் ஒளித்துவிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வரைவிலும் நடராசனின் மனத்துக்குள் ஒருமுறையாவது போயிருப்பீர்கள். மனைவி கடிதங்களைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு நெஞ்சு படபடத்தது என்பது போல ஒரு வரி. போய்ப் பாருங்கள், இருக்கும்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். முதல் விதியே இதைப் பற்றியதுதான்: குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்துவிட வேண்டும்; ஆனால் வாசகர் அவருடைய எண்ணங்களை அறிந்திருக்கக் கூடாது. அந்தப் பத்தில் பலவற்றைப் பலர் மீறி நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் உங்களைப் போன்ற முதல் கதைக்காரர்கள் பிடித்துக்கொள்வது நல்லது. நடராசனை வெளியிலிருந்து மட்டும் காட்டுங்கள். அவர் பேசட்டும், சிரிக்கட்டும், மற்றவர்களைவிட மும்முரமாகத் தேடட்டும். அவர் நினைப்பதை மட்டும் எழுதாதீர்கள்.

கொலை வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஐந்து ரூபாய்க்கு மாத நாவல் விற்ற காலத்தில், பஸ் நிலையக் கடையில் வாங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவேன். நூற்றுக்கணக்கில் படித்திருப்பேன். யார் யாரை எதனால் கொன்றார்கள் என்பது ஒன்றுகூட நினைவில்லை. துப்பறிகிற ஜோடி ஒருவரையொருவர் சீண்டிக்கொண்ட பேச்சுகள் நினைவிருக்கின்றன. வாசகரை உட்கார வைப்பது இழப்பின் கனம். இருபத்து மூன்று கடிதங்கள் போய்விட்டால் சிவகாமிக்கு என்ன போய்விடும் என்பதை முதல் பத்துப் பக்கத்தில் உணர்த்திவிட்டால், பிணத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்றைச் சொல்ல மனம் துடிக்கிறது. கடிதங்களை எழுதியது வேறொருவர் என்பது எப்படித் தெரியவருகிறது? கையெழுத்தை ஒப்பிடுவதாக எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். அது எல்லோரும் நடந்த பாதை. தமிழ் உங்களுக்கு வேறொன்றைக் கையில் வைத்திருக்கிறது. நடராசனுக்கு ழகரமும் ளகரமும் எப்போதும் குழம்பும் என்று வையுங்கள். மளிகைப் பட்டியலில் "வாளைப்பளம்", "மிழகு" என்று எழுதுகிறவர். விடுதியில் கயலிடம் மருந்துக்கடைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அதில் ஒரு "மாத்திரை, காலை, மாலை, பளச்சாறு". வாசகர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். முப்பது பக்கம் கழித்து, சிவகாமி மனப்பாடமாகச் சொல்லும் ஒரு கடித வரியைக் கயல் எழுதி வைக்கிறாள். வேறிடத்திலிருந்து கிடைத்த ஒரு தாளில் அதே வரி, "மழையும் நிழலும்" என்று ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது. சிரித்த இடத்திலேயே தடயம் இருந்தது என்று அப்போது தெரிய வேண்டும்.

அப்படியானால் நாற்பது வருடம் அவருடைய மளிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்குப் போன சிவகாமிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

குன்னூர் மலர் எழுதியது:

அக்கா, கார்டு ஐயா ரயிலைச் சொல்லிவிட்டார். நான் மலைக்காரி, இருபது வருடங்களாக வீட்டின் ஒரு பகுதியில் விருந்தினர்களைத் தங்கவைக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் புதுமணத் தம்பதிகள்.

குறிஞ்சியை எடுத்துவிடுங்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். எங்கள் நீலகிரியில் பல சரிவுகளில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030இல். வேறு குறிஞ்சி வகைகள் வேறு கணக்கில் பூக்கும் என்றாலும், மலைச்சரிவெங்கும் நீலம் என்று எழுதினால் இங்கே ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஜனவரிக்கு மாற்றினால் உங்களுக்கு உறைபனி கிடைக்கிறது, அது இன்னும் நல்லது. ஊட்டியில் தாழ்வான புல்வெளிகள் விடியற்காலையில் உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். யாராவது அதில் நடந்தால் அடிச்சுவடு பச்சையாகத் தெரியும். வெயில் வந்து கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரைந்துவிடும். கயல் குளிர் தாங்காமல் சீக்கிரம் விழித்து ஜன்னலைத் திறக்கிறாள். விடுதி வாசலிலிருந்து கேட் வரை ஒரு சுவடு போயிருக்கிறது, கேட்டிலிருந்து இரண்டு சுவடுகள் திரும்பி வந்திருக்கின்றன. அரவிந்தை எழுப்பிக் காட்டுவதற்குள் பாதி உருகிவிட்டது. அவன் அவளை நம்ப வேண்டும். கல்யாணமாகிப் பத்தாம் நாளில் நம்புவானா? எனக்கு அந்த இடத்தைப் படிக்க இப்போதே ஆசையாக இருக்கிறது.

இனி அந்த மைசூர் இளைஞன். அக்கா, அவன் சொல்வது நடக்கவே முடியாது. பந்திப்பூர் காட்டுச்சாலையை இரவு 9 மணிக்கு அடைத்துவிடுவார்கள். காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். யானையும் மானும் வண்டியில் அடிபட்டுச் சாகக் கூடாது என்று 2009இலிருந்து இந்தத் தடை இருக்கிறது. அவசர ஊர்திகளும் குறிப்பிட்ட சில பஸ்களும் மட்டுமே போகலாம். இரவு பதினொரு மணிக்கு மைசூரில் கிளம்பிய கார் சோதனைச்சாவடியில் விடியும்வரை நின்றிருக்கும். இது உங்கள் பிழை. ஆனால் திருத்தாதீர்கள்! பிழை அவனுடையதாக இருக்கட்டும். அவன் பொய் சொல்கிறான். முந்தைய நாளே ஊட்டிக்கு வந்துவிட்டான். தேநீர் கொண்டுவருகிற விடுதிக்காரப் பெண் அதைக் கேட்டுவிட்டு, "ராத்திரி பந்திப்பூர் திறந்திருந்ததா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகட்டும். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச்சீட்டு வேறு உண்டு. வண்டி எண்ணும் வரும் நாளும் அதில் இருக்கும். பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. பாஸைக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வான். ஏன் பொய் சொன்னான், நடராசனுக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு என்பதை நீங்கள் யோசியுங்கள்.

தேடலில் காதல் காணாமல் போகிறதோ என்ற கவலை உங்கள் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். புதிதாக வருகிற ஜோடிகளிடம் முதல் நாள் காலையில், "காபியா, டீயா?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "உங்களுக்கு எதுவோ அதுவே" என்று இரண்டு பேரும் சொல்வார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண் குளித்துக்கொண்டிருப்பாள். பையன் சமையலறைக்கு வந்து, "அவளுக்குச் சர்க்கரை குறைவாக ஒரு காபி" என்பான். எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துவிடும். அந்த மூன்று நாளுக்குள் அவர்கள் ஒருவரையொருவர் துப்பறிந்திருக்கிறார்கள். அதைத் தனியாக எழுத வேண்டாம், பெட்டியைத் தேடும்போதே நடக்கட்டும். அவள் எல்லோரையும் சந்தேகப்படுகிறவள், அவன் எல்லோரையும் நம்புகிறவன் என்று வைத்தால் சண்டைக்கும் குறைவிருக்காது. எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியை மறந்துவிடாதீர்கள். டீயில் தோய்க்காமல் வர்க்கி தின்பவன் அரவிந்த் என்றால், அவன்மேல் எனக்கே சந்தேகம் வரும்.

---

திருநகர் வாசகி எழுதியது:

நேற்று இரவு மூன்று பதில்களையும் கணவருக்கு உரக்கப் படித்துக்காட்டினேன். நூலகன் ஐயா, நீங்கள் சொன்ன வரி இருந்தது. பதின்மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி: "நடராசனின் விரல்கள் சில்லிட்டன." அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது அவர் சிவகாமிக்கு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிடுகிறார்.

கார்டு ஐயா, எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். கரிச் சட்டை போயே போய்விட்டது. அதற்குப் பதில் பிரேக்ஸ்மேன் ஒருவர் வந்திருக்கிறார். ஹில்குரோவில் அரவிந்த் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறான், அவர் தான் பார்த்ததைச் சொல்கிறார்: பெரியவர் கீழே இறங்கும்போது கையில் துண்டு சுற்றிய ஏதோ இருந்தது, ஏறும்போது துண்டு தோளில் கிடந்தது. ஆனால் அரவிந்த் நல்லவன் அல்லவா, இட்லிப் பொட்டலமாக இருக்கும் என்று விட்டுவிடுகிறான். கயல் அதைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாள். அவர்களுடைய முதல் சண்டை அதனால்தான்.

மலர், நீங்கள் கேட்ட கேள்வியோடு இரண்டு நாள் அடுப்படியிலும் பூஜையறையிலும் நடந்தேன். அந்த இளைஞன் யார் என்று இன்று காலை தெரிந்துவிட்டது. கடிதங்களை எழுதிக் கொடுத்த நண்பரின் மகன். அப்பா போன வருடம் இறந்துவிட்டார். கவிதை எழுதியதாக அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எழுதிய ஒரு தாள்கூட வீட்டில் இல்லை. நடராசனைத் தேடிப்பிடித்து, ஒரே ஒருமுறை படித்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறான். ஊட்டியில் முந்தைய நாளே காத்திருந்து, விடியற்காலை பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறுகிறான். ஹில்குரோவில் பெட்டி கைமாறுகிறது. அன்று இரவு முழுக்கப் படித்து, தனக்குப் பிடித்த ஒன்றைத் தன் கையால் பார்த்து எழுதிக்கொள்கிறான். கயலுக்குக் கிடைக்கும் "மழையும் நிழலும்" தாள் அதுதான். உறைபனியில் பெரியவர் அவனைச் சந்திக்கக் கேட் வரை போகிறார். திரும்பும் இரண்டாவது சுவடு அவனுடையது. நடராசனுக்குக் கடிதங்களைத் திருப்பித் தரவும் பயம், அந்தப் பையனுக்கு இல்லை என்று சொல்லவும் மனமில்லை.

சிவகாமிக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு என் அம்மாதான் பதில் சொன்னார். கதையைக் கேட்டுவிட்டு, "பளச்சாறு என்று எழுதுகிறவனை அவளுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு போய்த் தபாலில் போட்டது அவன்தானே" என்றார். இந்த வரியைச் சிவகாமிக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் அவர் பெட்டியைத் திறக்கிறார். மேலே இருக்கும் கடிதத்தை எடுக்கிறார், படிக்கவில்லை. அந்தப் பையனிடம் நீட்டுகிறார்.

இன்னும் ஒரே ஓர் ஐயம் பாக்கி. கார்டு ஐயா, ஹில்குரோவில் டீயை இப்போது காகிதக் குவளையில் தருகிறார்களா, கண்ணாடி டம்ளரிலா? அரவிந்த் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிரேக்ஸ்மேனிடம் பேசுகிறான்.